சீரியலுக்குப் பதில் பத்து நிமிடப் படம்



நம் கூட்டமைப்பில் பல குழுக்களுக்குக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டால், “அந்த நாடகம் முடிஞ்சதும் வர்றோம்” என்றுதான் பதில் வருகிறது. சேமிப்பு வாங்கி, கடன் விவரம் பேசி, தீர்மானம் எழுதி முடிப்பதற்குள் அடுத்த நாடகத்துக்கு மணியாகி விடுகிறது. இதில் நாங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் கிராமத்தில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. நாள் முழுக்க வேலை செய்த உடம்பு சாயங்காலம் கொஞ்சம் உட்காரக் கேட்கிறது. ஆனால் டிவி அதன் நேரத்துக்கு ஓடுகிறது, நாம்தான் அதன் பின்னால் ஓடுகிறோம்.

இப்போது பல வீடுகளில் செல்போனில் நெட் இருக்கிறது. யூடியூபில் குறும்படங்களும் கார்ட்டூன்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து நிமிடம், பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். நமக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது போட்டுக்கொள்ளலாம். பால் பொங்கினால் நிறுத்திவிட்டுப் போய் வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம்.

மீனா என்ற கார்ட்டூனைச் சொல்ல வேண்டும். தெற்காசியப் பெண் குழந்தைகளுக்காக யுனிசெப் 1990-களில் உருவாக்கியது. இதில் மும்பையின் ராம்மோகன் என்ற கார்ட்டூன் கலைஞருக்குப் பெரிய பங்கு உண்டு. மீனாவுக்கு ராஜு என்று ஒரு தம்பி, மிட்டு என்று ஒரு கிளி. ஒரு கதையில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். அவள் கிளியை அனுப்புவாள். அது வகுப்பில் கேட்டதை வந்து சொல்லும். அப்படி எண்ணக் கற்றுக்கொண்டவள், கோழிகளை எண்ணும்போது ஒன்று குறைவதைக் கண்டுபிடிப்பாள், திருடன் மாட்டிக்கொள்வான். இன்னொன்று மாம்பழக் கதை. ராஜுவுக்குப் பெரிய பங்கு, மீனாவுக்குச் சின்னது. ஒருநாள் இருவரும் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். அவள் வேலையைச் செய்து பார்த்த பிறகுதான் தம்பிக்கு உறைக்கிறது. வேறு மொழியில் ஓடினாலும் கதை கண்ணாலேயே புரிந்துவிடும். ஆம்பிளைப் பிள்ளைக்கு முட்டை, பொம்பளைப் பிள்ளைக்குக் குழம்பு என்று நம்ம வீட்டில் நடக்கிறதா இல்லையா? நாங்கள் சொன்னால் கோபம் வரும். மீனா சொன்னால் சிரிப்பு வருகிறது, பிறகு எல்லோரும் கொஞ்சம் சும்மா இருக்கிறார்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கும், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அக்காமார்களுக்கும் ‘புக்பாக்ஸ்’ தமிழ்க் கதைகள் நல்லது. பேசுகிற சொல் அப்படியே கீழே தமிழில் ஓடும், சொல்லும்போதே நிறம் மாறும். இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் பிரிஜ் கோத்தாரி. சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில் வரி போட்டால் ஜனங்கள் தன்னை அறியாமல் படிப்பார்கள் என்று 1990-களிலேயே குஜராத்தில் டிவி பாட்டு நிகழ்ச்சியில் செய்து பார்த்தவர். பாஸ்புக்கைப் படிக்கக் கூச்சப்படும் அக்காவுக்கும் பேரனோடு உட்கார்ந்து கதை பார்க்கக் கூச்சம் இருக்காது.

இனி கவனிக்க வேண்டியது. டிவி நாடகமாவது அரைமணியில் ‘தொடரும்’ போடும். போன் அதுகூடப் போடாது. ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். ஓடும் படத்தைத் தொட்டால் மேலே ஒரு சின்ன சுவிட்ச் வரும், அதை அணைத்து வையுங்கள். அங்கேயே பல்சக்கரக் குறியில் படத்தின் தரத்தைக் குறைத்தால் டேட்டா மிச்சமாகும். தரம் கூட்டிப் பார்த்தால் ஒருநாள் டேட்டா வெகு சீக்கிரம் காலி. பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

இலவசம் என்றால் நடுவில் விளம்பரம் வரும். அதில் எங்களுக்குப் பெரிய பயம், “ஐந்து நிமிடத்தில் கடன்” என்பதுதான். எங்கள் பகுதியில் ஒரு உறுப்பினர் அப்படித் தொட்டு ஒரு ஆப்பை ஏற்றிவிட்டார். போனில் உள்ள நம்பர்களையெல்லாம் அது எடுத்துக்கொண்டது. தவணை தவறியதும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி போனது. குழுவில் கேட்டிருந்தால் உள்கடனாகவே கிடைத்திருக்கும் தொகை அது. கடன் ஆப் நம் நம்பர்களை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், ஊக்குநரிடமும் சொல்லுங்கள்.

அடுத்த மாதக் கூட்டங்களில் முதல் பத்து நிமிடம் மாம்பழக் கதையைப் போடப் போகிறோம். பிள்ளைகளையும் கூட்டி வரலாம். சத்தம் போதவில்லை என்றால் போனை ஒரு எவர்சில்வர் சொம்பு வாயில் நிறுத்தினால் போதும், கடைசி வரிசைக்கும் கேட்கும். சொம்பு நாங்கள் கொண்டு வர மாட்டோம்!