சொல்லாமல் போய்ப் பார்க்கக்கூடிய இல்லம்

விழுப்புரம் பக்கம் வளவனூரில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கும்போதுதான் குடும்பம் இல்லம் தேடத் தொடங்கும். அந்த அவசரத்தில் கண்ணில் படுவது கட்டடமும் கட்டணமும்தான்.

முதலில் பார்க்கவேண்டியது அம்மாவின் நிலைமையை. எழுந்து நடந்து, தானே குளித்துக்கொள்பவருக்குச் சாதாரண முதியோர் இல்லம் போதும். சேர்க்கும்போதே ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: நாளைக்குப் படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வீர்களா, திருப்பி அனுப்புவீர்களா? படுக்கையில் இருப்பவருக்கும் மறதி நோய் முற்றியவருக்கும் செவிலியர் இருக்கும் இல்லம்தான் வேண்டும்.

வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதும் ஒரு வழி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன; இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புக் கவனிப்பும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். ஆனால் அந்தத் திட்டத்தின் ஊழியர்கள் வந்துபோகிறவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வீட்டில் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த வழி பாதிதான்.

இல்லம் என்று முடிவானால் பக்கத்திலா, தூரத்திலா? விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் குண்டலப்புலியூரை மறந்திருக்க முடியாது. விக்கிரவாண்டி அருகே அங்கு இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்தில் 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் சோதனை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். உரிய அனுமதி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நடந்த இடம் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. சித்திரவதை, பாலியல் வன்கொடுமைப் புகார்கள் எழுந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. விவகாரம் வெடித்தது எப்படி? அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைப் பார்க்க உறவினர் போனபோது, அவர் அங்கு இல்லை. ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. ஒருவர் நேரில் தேடிப்போனதால்தான் கதவு திறந்தது.

அதனால், தூரத்தில் இருக்கும் பளபளப்பான இல்லத்தைவிட, தம்பியோ சித்தியோ பஸ் ஏறி நினைத்த நேரத்தில் போய்வரக்கூடிய சுமாரான இல்லமே மேல். வளவனூரிலிருந்து விழுப்புரமும் புதுச்சேரியும் அப்படிப் போய்வரும் தூரம்தான். அவசரத்துக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர். திண்டிவனம் பக்கம் இல்லம் பார்த்தாலும் ஜிப்மர் திண்டிவனம்–புதுச்சேரி சாலையில்தான் வருகிறது. ராத்திரியில் யார் கொண்டுபோவார்கள், எந்த வண்டியில் என்று கேட்டால், பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

சுற்றிக் காட்டும் மேலாளர் வரவேற்பறையிலும் பூஜையறையிலும் நிறையப் பேசுவார். பேசட்டும். பார்க்கவேண்டியது கழிப்பறைக் கைப்பிடியை, மருந்து கொடுத்த குறிப்பேட்டை, படுத்திருப்பவர்களின் குதிகாலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் குதிகாலிலும் வால் எலும்புப் பக்கத்திலும் தோல் சிவந்து, பிறகு புண்ணாகும். பகலில் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போகவேண்டும். இரண்டாவது தடவை உள்ளே விட மறுத்தால் அடுத்த இல்லத்தைப் பார்க்கலாம்.

பதிவுச் சான்றை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் சரிபார்க்கலாம். மனநோய் உள்ளவர்களையும் சேர்க்கும் இடமென்றால் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். முன்பணம் எவ்வளவு, இடையில் அழைத்துப்போனால் எவ்வளவு திரும்பும், டயப்பருக்கும் மருந்துக்கும் தனிக் காசா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சேர்த்த பிறகு சந்தேகம் வந்தால், முதியோர் உதவி எண் 14567. அம்மாவுக்கும் அந்த எண் தெரிந்திருக்க வேண்டும்; போன் அவர் கையிலேயே இருக்குமா என்பதையும் மேலாளரிடம் கேட்டுவைப்பது நல்லது.