மட்டும் குணகமும்

அங்கத்தினர்களுக்கான இம்மாதப் பாடம் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. 'மாடுலஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறிய அளவு என்பது பொருள். கணிதம், பௌதிகம், யந்திரவியல் ஆகிய மூன்று துறைகளிலும் அது வழங்குகிறது. எனினும் அது அளக்கும் பொருள் துறைதோறும் வேறுபடும். தமிழில் கணிதத்தார் அதனை 'மட்டு' என்பர். ஏனையோர் 'குணகம்' என்பர்.

முதலில் கணிதம். ஓர் எண்ணின் கூட்டல், கழித்தல் குறியை விடுத்து அளவை மட்டும் கொள்வது மட்டு மதிப்பாகும். ஒரு வேட்டி குறித்த நீளத்தினும் 3 சென்டிமீட்டர் கூடியும், மற்றொன்று 3 சென்டிமீட்டர் குறைந்தும் இருப்பதாகக் கொள்வோம். குறிகளோடு கூட்டினால் பிழை பூஜ்யம். ஏட்டில் யாவும் சரியே. ஆயினும் குறைந்த வேட்டியை வாங்கியவருக்கு நட்டம் நட்டந்தான். மட்டு மதிப்புகளைக் கூட்டினால் 6 சென்டிமீட்டர் என்று உண்மை வெளிப்படும். நிலக்கடலை மூட்டைகளை நிறுப்பதற்கும் இவ்விதியே பொருந்தும்.

வகுத்து மீதி காணும் கணக்கில், வகுக்கும் எண்ணுக்கும் மட்டு என்றே பெயர். ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1801-ஆம் ஆண்டு நூலில் இம்முறையை வகுத்துக் காட்டினார். கரையில் 12 இழைகளுக்கு ஒருமுறை வண்ண வரிசை திரும்புமாயின், 100-ஆம் இழையின் வண்ணம் யாது? 100-ஐ 12-ஆல் வகுக்க மீதி 4. ஆகவே நான்காம் இழையின் வண்ணமே அதற்கும் உரியது.

இனிப் பௌதிகம். பாவு நூலை இழுத்தால் நீளும். இரும்புக் கம்பியும் நீளும், ஆனால் மிகச் சிறிதே. ஒரு பொருள் நீட்சியை எவ்வளவு எதிர்க்கிறது என்பதை அளப்பது யங் குணகம். 1807-இல் இதனை விளக்கிய ஆங்கில மருத்துவரும் விஞ்ஞானியுமான தாமஸ் யங்கின் பெயரால் இது வழங்குகிறது. 1 மீட்டர் நீளமும் 1 சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள எஃகுக் கம்பியில் 1 டன் எடையைத் தொங்கவிட்டால், அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே நீளும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது: குணகம் மிகுந்தது எளிதில் உடையாது என்பதில்லை. கண்ணாடியின் குணகம் பட்டு நூலினுடையதைவிடப் பன்மடங்கு அதிகம். எனினும் உடைவது கண்ணாடியே. நூல் நீண்டு கொடுப்பதும் அதன் நற்குணங்களுள் ஒன்று.

இறுதியாக யந்திரவியல். இங்கே வெட்டுமுகக் குணகம் என ஒன்றுண்டு. அது பொருளின் தன்மையை அன்று, வடிவத்தையே அளப்பது. செவ்வகச் சட்டத்திற்கு, அகலத்தை உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி 6-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். 5 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் உள்ள ஓர் உத்திரத்தைப் படுக்கையாக வைத்தால் குணகம் 62.5, குத்துவாட்டில் நிறுத்தினால் 187.5. மரமும் அதுவே, செலவும் அதுவே. வளைவைத் தாங்கும் வலிமையோ மூன்று மடங்கு! தறிக்கொட்டகைக்குக் கூரை அமைப்போர் இதனை மனத்திற் கொள்க.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்வோர் கிருஷ்ண மண்டபத்தைக் காண்க. பல்லவர் காலத்துக் கோவர்த்தனச் சிற்பத்தின் முன்னே, விசயநகரக் காலத்தில் எழுப்பப்பட்ட தூண் மண்டபம் அது. கருங்கல் அழுத்தத்தை நன்கு தாங்கும்; இழுவிசையை அவ்வளவு தாங்காது. கல் உத்திரம் சுமையால் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். ஆதலின் கற்கட்டடங்களில் தூண்களை நெருக்கி நிறுத்துவது அவசியமாகிறது.

ஆகவே மாடுலஸ் என்ற சொல் எதிர்ப்படும்போது, அளக்கப்படுவது எண்ணா, பொருளா, வடிவமா என்று முதலில் வினவுக. அவ்வினா ஏட்டுக் கணக்கில் நேர்மையையும், தலைக்கு மேலுள்ள கூரைக்கு உறுதியையும் தரும்.