மழை விடுமுறையில் மழலை வகுப்பு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பள்ளி விடுமுறைகளும் தொடங்கிவிட்டன. கூடவே ஆன்லைன் வகுப்பு பற்றிய கடிதங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றிய கேள்விகளுக்கு, மழலையர் கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நம் ஆலோசகர் பதில் தருகிறார்.

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் யூ.கே.ஜி. எடுக்கிறேன். மழைக்கு லீவு விட்டால் காலை ஒன்பது மணிக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கிவிட வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறது. முக்கால் மணி நேரம் வீதம் மூன்று பீரியட். இருபத்தெட்டுப் பிள்ளைகள். பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுகிறார்கள். ஒரு பிள்ளையின் திரையில் மின்விசிறி மட்டும்தான் தெரிகிறது. பின்னாலிருந்து அம்மாக்கள் ‘சொல்லு, சொல்லு’ என்று கிசுகிசுப்பது எல்லோருக்கும் கேட்கிறது. பிள்ளைகளைத் திரைமுன் உட்காரவைக்க என்ன வழி?
— ஆசிரியை, சென்னை

பதில்: உட்காரவைக்க முயல வேண்டாம். ஐந்து வயதில் எழுந்து ஓடுவதுதான் இயல்பு. வகுப்பறையில் உங்கள் கை அந்தப் பிள்ளையின் தோளில் இருக்கும், பக்கத்தில் இன்னொரு பிள்ளை இருக்கும், தரையில் கட்டைகள் கிடக்கும். அவ்வளவையும் எடுத்துவிட்டு உள்ளங்கை அகலத் திரையை மட்டும் கொடுத்தால் பிள்ளைக்கு அங்கே இருக்கக் காரணமே இல்லை.

2020 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ‘பிரக்யாதா’ என்ற பெயரில் ஆன்லைன் கல்விக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மழலையர் வகுப்புகளுக்கு ஒரு நாளில் 30 நிமிடங்களுக்கு மேல் கூடாது என்பது அதில் உண்டு. அந்த 30 நிமிடமும் பெற்றோருடன் பேசி அவர்களுக்கு வழிகாட்டத்தான் என்பதும் அதே வரியில் உண்டு. நேர அளவைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், அந்த நேரம் யாருக்கு என்பதைப் பல பள்ளிகள் கவனிக்காமல் விட்டுவிட்டன. பெற்றோரிடம் பேசுவது புதிய யோசனையும் அல்ல. 1937இல் சிகாகோ நகரில் போலியோ பரவியதால் பள்ளி திறப்பு தள்ளிப்போனபோது வானொலியில் பாடம் நடத்தினார்கள். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைதான் அந்த ஏற்பாடு. பெற்றோர் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லத் தொலைபேசியில் ஆசிரியர்களை உட்காரவைத்தார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு ஒலிபரப்பு இல்லை.

உங்களிடம் நிர்வாகம் கேட்பது 135 நிமிடம். அதே 135 நிமிடத்தை வேறு விதமாகப் பிரித்து, எழுதி எடுத்துக்கொண்டு போய் முதல்வரிடம் காட்டுங்கள். ஐந்து பிள்ளைகள் ஒரு குழு, ஒரு குழுவுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் ஆறு குழுக்களுக்கு 90 நிமிடம் ஆகும். மீதி 45 நிமிடத்தில் தினம் ஐந்தாறு வீடுகளுக்குப் போன் செய்யலாம். ஒரு வாரம் லீவு நீண்டால் எல்லா வீட்டோடும் தனித்தனியாகப் பேசி முடித்திருப்பீர்கள்.

பதினைந்து நிமிடத்தில் என்ன செய்வது? முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். “வீட்டில் உருண்டையாக இருக்கிற ஒன்றைக் கொண்டுவா பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். ஓடட்டும், அந்த ஓட்டம்தான் பாடம். ஒருத்தி வெங்காயத்தோடு வருவாள், ஒருவன் பந்தோடு வருவான், இன்னொருவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். தட்டு வட்டம்தான், உருண்டை இல்லையே என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். பிறகு ஒரு பாட்டு. பிறகு ஒரு சின்னக் கதை. திரையில் படம் எதுவும் போடாமல் உங்கள் முகம் தெரியும்படி சொல்லுங்கள். கடைசி மூன்று நிமிடம் அம்மாவுக்கோ பாட்டிக்கோ, யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்களுக்கு.

அந்த மூன்று நிமிடத்தை வீணாக்காதீர்கள். “இன்றைக்குச் சமைக்கும்போது நாலு பல் பூண்டு உரிக்கக் கொடுங்கள்” என்று மட்டும் சொன்னால், கட்டிய பீஸுக்கு இதுதானா என்று தோன்றும். ஏன் என்பதையும் சொல்லுங்கள். பூண்டின் தோலைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி இழுக்க வேண்டியிருக்கிறது. பென்சில் பிடிக்கவும் அதே விரல்களுக்குத்தான் பலம் வேண்டும். உரித்ததை எண்ணிப் போடச் சொன்னால் கணக்கு. ‘பெரிய பல், சின்னப் பல்’ என்று பிரிக்கச் சொன்னால் அதுவும் கணக்கு. இதை ஒருமுறை புரிந்துகொண்ட தாய் மறுநாள் நீங்கள் சொல்லாமலே வெண்டைக்காயை நீள வாரியாக அடுக்கக் கொடுப்பார். ‘சொல்லு, சொல்லு’ என்ற கிசுகிசுப்பும் தானாகக் குறையும். தன் பிள்ளை தப்பாகச் சொல்லிவிடுமோ என்ற பயம்தான் அவரை அப்படிச் செய்ய வைக்கிறது.

இன்னொன்று. வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளைகள் செய்த வேலையின் படங்களைப் போடச் சொல்லாதீர்கள். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் தாய், மற்ற வீடுகளின் இருபது படங்களைப் பார்த்துவிட்டுத் தூங்கும் பிள்ளையை எழுப்பி வண்ணம் அடிக்கவைப்பார். படம் அனுப்ப விரும்புகிறவர் உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும்.

கேள்வி: வேதாரண்யம் பக்கம் அரசு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். மழை, புயல் என்றால் எங்கள் பள்ளிக்கூடமே நிவாரண முகாம் ஆகிவிடும். பாதி வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லை. இருக்கிற வீட்டிலும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுகிறார். ரீசார்ஜ் தீர்ந்தால் அதுவும் இல்லை. தொலைவிலிருந்து பாடம் என்பது எங்களுக்கெல்லாம் நடக்கிற காரியமா?
— ஆசிரியர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: நடக்கும். உங்களுக்கு வேண்டியது பட்டன் போனும் ஒரு நோட்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் கரையைத்தான் கடந்தது. பள்ளியில் பாயைப் போட்டுக் குடும்பங்கள் தங்கியிருந்த நாட்களில் யாரும் ‘அ, ஆ’ சொல்லித்தர முடியாது. அப்படிப்பட்ட வேளையில் முதல் போன் பாடத்துக்காக இருக்கக் கூடாது. “எல்லாரும் நல்லா இருக்கீங்களாம்மா? கூரை ஒழுகுதா? குடிக்கத் தண்ணி வந்துச்சா?” இவ்வளவு போதும். பதிலை நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். அடுத்த முறை அழைக்கும்போது “போன தடவை மாமியாருக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே, இப்ப எப்படி?” என்று கேட்டுப்பாருங்கள். பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச அந்த வீடு அப்போதுதான் தயாராகும்.

அப்பா வீடு திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் கூப்பிடுங்கள். அப்பாவே எடுத்தால் இன்னும் நல்லது. ‘அம்மாகிட்ட கொடுங்க’ என்று உடனே சொல்லிவிடாதீர்கள், அவரிடமும் பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள். பிள்ளையின் படிப்பு பற்றி ஆசிரியர் தன்னிடம் பேசியதே இல்லை என்று சொல்லும் தகப்பன்மார்கள் நிறைய.

பிறகு பிள்ளையிடம் பேசுங்கள். சிறுபிள்ளைகள் போனில் தலையை மட்டும் ஆட்டுவார்கள், உங்களுக்கு அது தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. மௌனமாக இருந்தால் பத்து விநாடி பொறுங்கள். ‘படிச்சியா?’ என்றால் ‘ம்’ என்பதோடு முடிந்துவிடும். “இன்னிக்கு வீட்டில என்ன குழம்பு? அதில் என்ன என்ன போட்டாங்க?” என்று கேளுங்கள். ஒன்று ஒன்றாகச் சொல்லவைப்பதில் சொல்வளமும் வரிசையும் சேர்ந்தே வளரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளையென்றால் புத்தகத்தில் ஒரு பக்கத்தை உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். மூன்று நிமிடம் கேட்டாலே எங்கே தடுமாறுகிறது என்று உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பெருந்தொற்றுக் காலத்தில் பல வீடுகளுக்குப் பாடம் கொண்டுபோனது. பெரிய வகுப்புகளுக்கு அது உதவும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதைப் பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து “அந்த மாமா என்ன சொன்னார்?” என்று கேட்க வேண்டும். அந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்பேன். தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா இருப்பாள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர் ஒருவர் உங்கள் ஊரிலும் இருக்கக்கூடும்.

அந்தத் திண்ணை வகுப்புகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளின் கற்றலை ஆராய்ந்தார்கள். பள்ளிகள் மூடியிருந்ததால் ஏற்பட்ட இழப்பு 2021 டிசம்பரில் மிகப் பெரிதாக இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்களின் கணக்கு. ஊரிலேயே இருக்கும் ஒருவர், பிள்ளையின் கண்ணெதிரே உட்கார்ந்து செய்த வேலை அது.

எனவே அந்த அக்காவுக்கும் தன்னார்வலருக்கும் இப்போதே, மழை வலுப்பதற்கு முன்பே, ஐந்தாறு கதைப் புத்தகங்களைக் கொடுத்துவையுங்கள். பள்ளி நூலகத்தில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கும். அவற்றில் தொடக்க நிலைக்கான ‘நுழை’ வரிசையில் உள்ளவை உங்கள் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். பூட்டிய அலமாரியில் இருந்து யாருக்கும் பயனில்லை.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். பொன்னுக்கு வீங்கி பரவுகிறது என்று மகன் படிக்கும் எல்.கே.ஜி.யை மூடிவிட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் தேனியில் என் அம்மாவிடம் விட்டிருக்கிறேன். தினம் இரவு வீடியோ கால் போட்டால் இரண்டு நிமிடம்கூடப் பேச மாட்டேன் என்கிறான். என்னை மறந்துவிடுவானோ என்று அழுகையாக வருகிறது.
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: மறக்க மாட்டான் அம்மா. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பேசுவதற்காகப் பேசத் தெரியாது, சேர்ந்து ஏதாவது செய்யத்தான் தெரியும். ‘சாப்பிட்டியா, அழுதியா, பாட்டியைத் தொந்தரவு பண்ணினியா’ என்ற கேள்விகளுக்கு அவனிடம் பதில் இல்லை.

போனை ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைக்க உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் இரவுச் சாப்பாடு சாப்பிடுங்கள், அவனும் அங்கே சாப்பிடட்டும். நீங்கள் ஒரு வாய் வைத்ததும் அவன் ஒரு வாய் வைக்கும் விளையாட்டு போதும். இன்னொரு நாள் ஒரு துணியால் முகத்தை மூடித் திறந்து காட்டுங்கள். ஒரு சின்னக் கதைப் புத்தகம் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை ஊருக்கு அனுப்பிவிட்டால், நீங்கள் இங்கே சொல்லச் சொல்ல அவன் அங்கே பக்கம் திருப்புவான். வாங்க வசதிப்படாவிட்டால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன.

வீடியோ காலில் நீங்கள் பக்கத்தில் இருப்பதுபோல் அவனுக்குத் தெரியுமா என்ற சந்தேகம் வேண்டாம். 2014இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய சொற்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். நேரில் கேட்டவர்களும் நேரலை வீடியோவில் கேட்டவர்களும் கற்றுக்கொண்டார்கள். பதிவு செய்த வீடியோவைப் பார்த்த பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லை. தன் செய்கைக்கு எதிரே இருப்பவர் அப்போதே பதில் தருகிறாரா என்பதுதான் பிள்ளைக்கு முக்கியம். நாள் முழுக்க யூடியூப் போட்டுக் கொடுப்பதும் நீங்கள் ஐந்து நிமிடம் அழைப்பதும் ஒன்றல்ல.

அவன் எழுந்து போய்விட்டால் அழைப்பைத் துண்டிக்காமல் அம்மாவிடம் பேசிக்கொண்டிருங்கள். உங்கள் குரல் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு பொம்மை காரைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவான். இரவில் தூக்கக் கலக்கத்தில் அழுதால் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். அவனுடைய மிஸ்ஸிடம் ஒரு வாய்ஸ் மெசேஜ் கேட்டு வாங்குங்கள். அவன் பெயரைச் சொல்லி மிஸ் பேசினால் அரை நிமிடமே போதும், பாட்டி ஊரிலும் அவனுக்குப் பள்ளி இருப்பதாகத் தோன்றும்.

கேள்வி: லீவில் மறந்துவிடக் கூடாது என்று என் பேத்தியைத் தினம் ஒன்று முதல் நூறு வரை எழுதவைக்கிறேன். வயது ஐந்து. அடம்பிடிக்கிறாள். விட்டுவிடலாமா?
— ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: விட்டுவிடுங்கள் ஐயா. நூறு வரை எழுதுகிற பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டை எடுத்துக் கொடு என்றால் திணறுவதைப் பார்க்கலாம். பல்லாங்குழி இருந்தால் பரண்மேலிருந்து இறக்குங்கள், இல்லாவிட்டால் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குழி வரைந்துகொள்ளுங்கள். குழிக்கு ஐந்து சோழி, எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுவருகையில் கூட்டலும் கழித்தலும் அவள் விரல் வழியாக நடக்கும். நீங்கள் வேண்டுமென்றே தப்பாக எண்ணிப் போடுங்கள், அவள் பிடிக்கிறாளா என்று பாருங்கள். பிடித்துவிட்டால் அவள் எண்ணிக்கை உறுதி என்று அர்த்தம். அதை அவளுடைய ஆசிரியை போன் செய்யும்போது சொல்லுங்கள், அவருக்கு மிகவும் பயன்படும்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பள்ளி ஒரு வாரம் மூடித் திறந்தபோது என் மகள் வாசலிலேயே நின்று அழுதாள். இந்த ஆண்டும் அப்படி ஆகாமல் இருக்க வேண்டும்.
— ஒரு தந்தை, பள்ளிக்கரணை

பதில்: திறப்பதற்கு முதல் நாள் மாலை, தண்ணீர் வடிந்திருந்தால், அவளைப் பள்ளி வாசல்வரை நடத்திக் கூட்டிப்போய்த் திரும்புங்கள். கேட்டைப் பார்க்கட்டும், வாட்ச்மேன் தாத்தாவுக்கு வணக்கம் சொல்லட்டும். அன்று இரவே பையை அவளையே அடுக்கவிடுங்கள். லீவில் ஒரு தடவையாவது வகுப்புத் தோழியோடு போனில் பேசவைத்திருந்தால் பாதி அழுகை குறையும். காலையில் விட்டுவிட்டு ஒளிந்து வெளியேறாதீர்கள். “மூணு மணிக்கு அப்பா இதே மரத்தடியில் நிப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே அங்கே நில்லுங்கள்.