'இன்சலன்ட்' என்றால் சைலன்ட் அல்ல



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் கல்வி உதவி விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சகோதரி ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுடன் வந்தார். விண்ணப்பத்தோடு பள்ளி டைரியையும் நீட்டினார். அதில் ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். கீழே தாயாரின் கையெழுத்து.

"சார் இவனைப் பாராட்டி எழுதியிருக்காங்க அண்ணே. வகுப்புல சைலன்ட்டா இருக்கானாம். கையெழுத்துப் போட்டுட்டு, பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்" என்றார். பையன் தரையைப் பார்த்தான்.

டைரியில் இருந்த சொல் சைலன்ட் அல்ல, இன்சலன்ட். பெரியவர்களை மதிக்காமல், துணிந்து அவமதிப்பாக நடப்பதை அந்தச் சொல் குறிக்கும். உண்மையைச் சொன்னதும் அந்தச் சகோதரியின் முகம் வாடிவிட்டது. "அவங்க அத்தா சவூதியில இருக்காங்க. எனக்கு இந்த இங்கிலீஷ் தெரியாம போச்சே" என்றார்.

பையனிடம் கேட்டேன். ஆசிரியர் போர்டில் போட்ட கணக்கில் ஒரு தப்பு இருந்ததாம். இவன் இருந்த இடத்திலிருந்தே "சார், தப்பு" என்று கத்தியிருக்கிறான். உட்காரச் சொன்னதும், பக்கத்துப் பையனைப் பார்த்துச் சிரித்திருக்கிறான்.

மறுநாள் அவர்களுடன் நானும் பள்ளிக்குப் போனேன். பையன் மன்னிப்புக் கேட்டான். ஆசிரியர் சொன்னார்: "கணக்கு தப்புதான். அவன் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. சிரித்தானே, அதைத்தான் எழுதினேன்." தப்பைச் சுட்டியது வேறு, சிரித்தது வேறு என்பதை அவர் சரியாகவே பிரித்துப் பார்த்திருந்தார்.

அதபு இல்லாத நடத்தையைச் சொல்ல ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. பள்ளியிலிருந்து வரும் குறிப்பைப் புரிந்துகொள்ளவும், நாம் புகார்க் கடிதம் எழுதும்போது நீதியோடு எழுதவும் இந்த எடை தெரிய வேண்டும்.

பொதுவான சொற்கள்

அதிகம் புழங்குவது 'ரூட்'. இதன் லத்தீன் மூலத்துக்குச் செப்பனிடாதது, கரடுமுரடானது என்று பொருள். நேர்மாறான 'போலைட்' என்ற சொல்லின் மூலத்துக்கு மெருகிட்டது என்று பொருள். இழைக்காத பலகையையும் இழைத்த பலகையையும் நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் மறக்காது.

'இம்போலைட்' இதைவிட மென்மையானது. நன்றி சொல்லாமல் போவது, ஒருவர் பேசும்போது குறுக்கிடுவது போன்றவற்றுக்குப் பொருந்தும்.

ஓர் இலக்கணக் குறிப்பு: 'ஹி வாஸ் ரூட் டு மீ' என்பதே சரி. நம் பிள்ளைகள் பலர் 'வித் மீ' என்று எழுதுகிறார்கள். தமிழில் "என்னோடு" என்று நினைத்து எழுதுவதால் வரும் பிழை இது.

பேச்சின் குறை

'கர்ட்' என்றால் வெட்டிப் பேசுவது. இதன் மூலப்பொருளே வெட்டிக் குறைத்தது என்பதுதான். கவுன்ட்டரில் இருப்பவர் தலையை நிமிர்த்தாமல் "நாளைக்கு வா" என்றால் அது கர்ட். 'ப்ரஸ்க்' என்பதும் இதற்கு நெருக்கமானது. அவசரத்தில் வெடுக்கென்று பேசுவதைக் குறிக்கும்.

'ப்ளன்ட்' என்றால் மழுங்கிய கத்தி. மனிதரைச் சொல்லும்போது, பூசி மெழுகாமல் பேசுபவர் என்று பொருள். இது எப்போதும் குறை அல்ல. "சார், தப்பு" என்று நம் பையன் சொன்னது ப்ளன்ட். எழுந்து நின்று "எக்ஸ்க்யூஸ் மீ சார், அந்த ஸ்டெப்பை ஒருமுறை பார்ப்பீங்களா?" என்று கேட்டிருந்தால் அதுவே போலைட் ஆகியிருக்கும்.

பெரியவர்களிடம் காட்டும் துடுக்கு

இதில் மூன்று படிகள் உண்டு. முதல் படி 'சீக்கி'. சிறுவர்களின் வாய்த்துடுக்கு இது, சிலசமயம் கேட்பவரே சிரித்துவிடுவார். அடுத்தது 'இம்பர்ட்டினன்ட்'. தனக்குச் சம்பந்தமில்லாததைத் தன் வரம்பு மீறிக் கேட்பது, சொல்வது. மேல்படி 'இன்சலன்ட்'. டைரியில் இந்தச் சொல் வந்தால் பெற்றோர் அலட்சியம் செய்யக்கூடாது. போய்க் கேட்க வேண்டும்.

மேலிருந்து காட்டும் மமதை

'அரகன்ட்' என்றால் கர்வம் பிடித்தவர். 'கண்டிசென்டிங்' இன்னும் நுட்பமானது. குரல் இனிமையாக இருக்கும், ஆனால் எதிரில் இருப்பவரைச் சிறுமைப்படுத்தும். "உங்களுக்கெல்லாம் இது எங்கேம்மா புரியப்போகுது" என்று புன்னகையோடு சொல்வது அந்த வகை. உதவி வழங்கும் இடத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் முதலில் அஞ்ச வேண்டிய சொல் இது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டி மனதை நோகடித்தால் தர்மமே பாழாகும் என்று அல்பகரா அத்தியாயம் எச்சரிப்பதை மறக்கலாகாது.

கவனமாகக் கையாள வேண்டியவை

'அப்யூசிவ்' என்றால் வசைபாடுவது. புகாரில் இது கடுமையான சொல். உண்மையிலேயே திட்டியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

'பூரிஷ்' என்பது உழவரைக் குறிக்கும் டச்சுச் சொல்லோடு உறவுடையது. தமிழில் "பட்டிக்காட்டான்" என்று ஏசுவது போன்றது. ஒரு தொழிலையே இழிவாக்கும் சொல் நமக்கு வேண்டாம்.

புகார் எழுதும்போது

'ஹி இஸ் எ ரூட் மேன்' என்று எழுதினால் மனிதரையே முத்திரை குத்துகிறோம். 'ஹி ஸ்போக் ரூட்லி டு மீ' என்றால் அன்று நடந்த செயலை மட்டும் சொல்கிறோம். தேதி, இடம், அவர் சொன்ன வார்த்தை மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். நடந்த செயலை மேலதிகாரி விசாரிக்க முடியும். குணத்தை எப்படி விசாரிப்பார்? ஒருவர் கர்ட் ஆகப் பேசியதற்கு அப்யூசிவ் என்று எழுதினால், நாளை நம் உண்மையான புகாரையும் யாரும் நம்பமாட்டார்கள். நம் மார்க்கத்திலும் அது அவதூறுதான்.

பயிற்சி

பிள்ளைகளுடன் உட்கார்ந்து, எந்தச் சொல் பொருந்தும் என்று பாருங்கள்.

1. விருந்தாளியிடம் "உங்க சம்பளம் எவ்வளவு?" என்று ஒரு சிறுவன் கேட்கிறான்.
2. "எப்போது வரட்டும்?" என்றதற்கு அலுவலர் "திங்கள்" என்று மட்டும் சொல்லித் திரும்பிக்கொள்கிறார்.
3. "உன் கையெழுத்து புரியவில்லை, திருத்து" என்கிறார் உஸ்தாத்.
4. கண்டித்த தலைமையாசிரியரின் முகத்துக்கு நேரே ஒருவன் கேலியாகச் சிரிக்கிறான்.

விடைகள்: 1. இம்பர்ட்டினன்ட். 2. கர்ட். 3. ப்ளன்ட். 4. இன்சலன்ட்.

ஆங்கிலக் குறிப்புப் புரியாத தாய்மார்கள் தயங்க வேண்டாம். டைரியில் கையெழுத்துப் போடும் முன் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் படித்துச் சொல்ல ஆள் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்