மலையையும் ஒரு போட்டோ எடுத்து வைப்போம்

நம்ம வீட்டுப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கு என்று நமக்குத் தெரிவதில்லை. கொழும்பில் வேலை செய்கிற மாமா தீபாவளிக்கு வந்து, "என்னடா இப்படி வளர்ந்திட்டே!" என்ற பிறகுதான் தெரியும். மலையும் அப்படித்தான். லயத்துக்குப் பின்னால் உள்ள மண்திட்டு, சவுக்கு மரம், பீலித் தண்ணி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் தினம் பார்க்கிற கண்ணுக்குப் பிடிபடாது.

அதுக்குத்தான் போட்டோ. கலியாணம், தேர், பிறந்தநாள் என்று போனில் எத்தனையோ எடுக்கிறோம். மாதம் நாலு படம் மலைக்காகவும் எடுப்போமே!

படம் அழகாக வரவேண்டியதில்லை. ஒரே இடத்தில் நின்று எடுக்கவேண்டும், அதுதான் முக்கியம். நிற்கிற இடத்தில் ஒரு கல்லைப் பதித்துவிட்டால், யார் எடுத்தாலும் ஒரே மாதிரி வரும். லயத்துக் கூரையின் மூலையும் படத்தில் விழட்டும். அதை வைத்துப் பார்த்தால் மரம் சாய்ந்திருப்பது தெரிந்துவிடும்.

சுவரில் வெடிப்பு இருந்தால் கிட்டப் போய், பிள்ளையின் அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து எடுங்கள். வெடிப்பு முடிகிற இரண்டு முனையிலும் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், வெறும் சாந்து வெடிப்பு என்று விட்டுவிட முடியாது. நிலத்தில் வெடிப்பு என்றால் இரண்டு பக்கமும் முளை அடித்து, இடைவெளியை அளந்து வையுங்கள்.

கல்லுக்கட்டு வயிறு தள்ளுவது, புதிதாக ஊற்று கிளம்புவது, தெளிவாக வந்த பீலித் தண்ணி கலங்குவது அல்லது திடீரென்று நிற்பது, இவற்றையும் பார்க்கவேண்டும். லேசாகச் சாத்திய கதவு நிலையில் இறுகினாலும் கவனியுங்கள். மழைக்குக் கதவு ஊதுவது வழக்கம்தான், ஆனாலும் சுவரை ஒரு தரம் பார்த்துவிடலாம்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அங்கே ஆபத்து இருக்கு என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது.

"வெடிப்பு பெரிசாகுது ஐயா" என்று போய் நின்றால், "எப்போதிருந்து?" என்றுதான் கேட்பார்கள். தேதி போட்ட மூன்று படம் கையில் இருந்தால் அதுக்குப் பதில் இருக்கு. தோட்ட நிர்வாகத்திடமும் கிராம சேவகரிடமும் காட்டி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்கவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். போன் தொலைந்தால் படமும் போய்விடும். இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

கொட்டுகிற மழையில் படம் எடுக்க மட்டும் போகாதீர்கள். ஒரு நாளில் 150 மில்லிமீற்றர், அல்லது ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஆபத்தான இடத்தை விட்டு வெளியேறவேண்டும் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு. ராத்திரியில் நாம் எங்கே மழையை அளப்பது? வெடிப்பு வாய் பிளந்தாலோ, சேற்றுத் தண்ணி பொங்கினாலோ, யாரும் சொல்லட்டும் என்று இருக்காமல், பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குப் பேசலாம்.