ஐஸ் இல்லாத பத்து மாதங்கள்

கல்முனையில் ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் கொட்டுகிற ஐஸ்தான். சுபஹுக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போனால், கட்டி கட்டியாக இறக்கி, உடைத்து, சூரைக்கும் பாரைக்கும் மேலே பரப்பிக்கொண்டிருப்பார்கள். அதற்கு மேல் நமக்கும் ஐஸுக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஐஸ் ஹொக்கி கோல்காப்பாளர் ஒருவரைப் பற்றித் தொழில் வழிகாட்டிப் பக்கத்தில் எழுத வேண்டிய தேவை என்ன?

ஒரு பழைய கடன்தான். இந்தக் கரையோரப் பாடசாலை ஒன்றில் உயர்தர மாணவிகளுக்குத் தொழில் வழிகாட்டல் வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். முடியப் போகும் நேரம் பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். "சேர், எனக்கு விருப்பமான வேலைக்கு எங்கட ஊருல இடமே இல்ல. நான் என்ன செய்யிற?" நான் ஏதோ பொறுமை, முயற்சி என்று சொல்லி இருத்திவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. ஒழுங்கான பதில், பிற்பாடு லடாக்கைச் சேர்ந்த நூர்ஜஹானின் கதையை வாசித்தபோதுதான் கிடைத்தது.

நூர்ஜஹான் லே நகரத்துப் பெண். இந்தியப் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணிக்குக் கோல்காப்பாளராக நின்றவர். லே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மாரியில் குளிர் மைனஸ் 20 பாகைக்கும் கீழே போகும். அப்போது குளங்கள் உறையும். உறைந்த குளம்தான் மைதானம். அந்த ஐஸ் ஆண்டுக்கு இரண்டு மாதமளவில்தான் நிற்கும். அதிலும் ஆண்கள் ஆடி முடித்த பிறகுதான் பெண்களுக்கு இடம் கிடைத்தது. இந்தியாவில் செயற்கை ஐஸ் தளமே இல்லையா என்றால், இருந்தது. 2011இல் டெஹ்ராடூனில் ஒன்றைக் கட்டினார்கள், போட்டி நடத்தினார்கள், பிறகு நீண்ட காலம் மூடிப்போட்டார்கள். கட்டித் திறந்துவிட்டு மூடிப்போடுவது நமக்கும் புதிதல்ல.

இப்படிப் பழகிய அணி 2016இல் தாய்வானின் தாய்பேயில் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டிக்குப் போனது. ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. அடுத்த ஆண்டு பங்கொக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்றும் மலேசியாவை 5-4 என்றும் வென்றது. ஐஸ் ஹொக்கிச் சங்கம் பொதுமக்களிடம் நிதி திரட்டி அணிகளை அனுப்பிய காலம் அது. 2018இல் கனடாவின் பெயர்பெற்ற வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் லேக்கே வந்து பயிற்சி கொடுத்தார். 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் இந்தியப் பெண்கள் வெண்கலப் பதக்கம் எடுத்தார்கள். அல் ஐன் நம்மவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த வாப்பாவோ காக்காவோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

சரி, ஐஸ் இல்லாத பத்து மாதமும் நூர்ஜஹான் என்ன செய்தார்? என் கட்டுரை இந்தப் பத்து மாதத்தைப் பற்றியதுதான்.

டில்லிக்குப் போய்ப் பழம்பொருள் பாதுகாப்புப் படித்தார். முதுமாணி முடித்து, தேசிய அருங்காட்சியக நிறுவகத்தில் ஆய்வுப் படிப்புக்கும் சென்றார். பிறகு வஜீதா தபஸ்ஸும் என்ற தன் உறவுக்காரப் பெண்ணோடு சேர்ந்து, லேயில் 'ஷெஸ்ரிக் லடாக்' என்ற பாதுகாப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். பௌத்த மடாலயங்களின் சுவர் ஓவியங்கள், தங்கா எனப்படும் துணி ஓவியங்கள், பழைய சுவடிகள் இவைதான் அவர்கள் கைக்கு வருகிறவை. நூற்றாண்டுகளாக எரிந்த வெண்ணெய் விளக்கின் கரி ஓவியத்தின் மேல் படிந்திருக்கும். அதை நகக்கண் அளவு நகக்கண் அளவாகத் துடைத்தெடுக்க வேண்டும். சுவரை விட்டு விலகிய பூச்சைத் திரும்ப ஒட்ட வேண்டும். அழிந்துபோன பாகத்தைத் தன் கற்பனையில் வரைந்து நிரப்பக் கூடாது.

முஸ்லிம் பெண் ஒருவர் பௌத்த மடாலயத்துச் சுவரைப் பழுதுபார்க்கிறார், பிக்குமார் கதவைத் திறந்து விடுகிறார்கள். தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே காணியின் எல்லைக் கல் கண்ணுக்குள் வந்து நிற்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. அது வேறு கதை, விடுங்கள்.

தொழில் கணக்கில் பாருங்கள். லடாக்கில் மடாலயத்தில் நின்று வேலை செய்யத் தோதான காலம் கோடை. ஐஸ் கிடைக்கும் காலம் மாரி. ஒன்று மற்றதன் காலில் மிதிக்கவில்லை. சம்பாத்தியம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம், இரண்டுக்கும் ஒரே நாட்காட்டியில் இடம் இருந்தது.

உங்கள் போகம் எது?

அம்பாறை விவசாயிக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பெரும்போகம் ஒன்று, சிறுபோகம் ஒன்று. நடுவில் வயல் சும்மா கிடந்தாலும் அவர் சும்மா இருப்பதில்லை. கடற்தொழிலாளிக்கும் வாடைக் காற்று மாதங்களில் வலை பொத்துகிற வேலை இருக்கும். பொத்துவில் அறுகம்பையில் அலைச் சறுக்குப் பருவம் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி, ஐப்பசி வரை ஓடும்; மற்ற மாதங்களில் விடுதிகள் தூங்கும். நம் ஊர்த் தொழில்கள் எல்லாமே பருவத் தொழில்கள். படித்த பிள்ளைகள் மட்டும்தான் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி ஓடுகிற வேலை ஒன்றுக்காகக் காத்திருக்கிறோம்.

பட்டம் முடித்து அரச நியமனத்துக்காக ஆண்டுக் கணக்கில் இருந்தவர்கள் உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலில் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் கோல்காப்பாளரும் காத்திருப்பவர்தான். பந்து எதிர்ப் பக்கத்தில் இருக்கும்போதும் அவர் முழங்கால் மடித்து, பந்து வரக்கூடிய கோணத்துக்கேற்ப அடி அடியாக நகர்ந்துகொண்டே இருப்பார். நியமனத்துக்குக் காத்திருக்கும் இரண்டு வருடத்தில் நீங்கள் எவ்வளவு நகர்ந்தீர்கள் என்றுதான் நேர்முகத் தேர்வில் கேட்பார்கள்.

ஒரு தாளை எடுங்கள். பன்னிரண்டு கட்டம் போடுங்கள். உங்களுக்குப் பிடித்த வேலை இந்த ஊரில் எந்த மாதங்களில் கொஞ்சமாவது கிடைக்கும் என்று குறியுங்கள். தையல் வடிவமைப்பு என்றால் நோன்பு மாதமும் கலியாணப் பருவமும். புகைப்படம் என்றாலும் அப்படித்தான். சுற்றுலா என்றால் அறுகம்பைப் பருவம். வெறுமையாகக் கிடக்கும் கட்டங்களில் காசு தரும் வேறொரு தொழிலை வையுங்கள், அல்லது படிப்பை வையுங்கள். ஒன்றையும் வைக்க முடியாவிட்டால்தான் ஊரை விட்டுப் போவது பற்றி யோசிக்க வேண்டும். நூர்ஜஹானும் டில்லிக்குப் போனார். போய், கற்றதோடு திரும்பி வந்தார்.

யாரும் நிற்க விரும்பாத இடம்

ஐஸ் ஹொக்கி வலையின் வாய் 1.83 மீற்றர் அகலம், 1.22 மீற்றர் உயரம். அதை நோக்கி வருவது பந்துகூட இல்லை, 170 கிராம் வரை எடையுள்ள தட்டையான கெட்டி இறப்பர் வில்லை. துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரூட்டி வேறு வைப்பார்கள். மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டி வரக்கூடிய அதற்கு முன்னால் உடம்பைக் கொடுக்க வேண்டும். கோல் போட்டவரைத் தோளில் தூக்குவார்கள், விட்டவரை வீட்டுக்குப் போகும்வரை பேசுவார்கள். ஒழுங்கைக்குள் பந்தடித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: கடைசியாக வந்தவனைத்தான் கோலுக்கு அனுப்புவோம்.

ஆகவே அங்கே போட்டி குறைவு. வேலைத்தளத்திலும் இப்படியான இடங்கள் உண்டு. இருப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பது, முறைப்பாட்டோடு வருகிறவரிடம் பேசுவது, வங்கிக் கணக்கோடு பற்றுச்சீட்டை ஒப்பிடுவது. நம் பக்கத்தில் எல்லாவற்றையும் விடக் கேள்வி உள்ள இடம் ஒன்றிருக்கிறது: கொழும்பிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதத்துக்கு அன்றே சிங்களத்தில் பதில் எழுதுகிறவர். கல்முனையில் எத்தனை அலுவலகங்களில் அந்தக் கடிதம் மேசைக்கு மேசை அலைகிறது என்று போய்ப் பாருங்கள். அரச சேவைக்குள் போனாலும் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி கேட்பார்கள். வெறுமையான மாதக் கட்டத்துக்குள் என்ன வைப்பது என்று தெரியாதவர்கள் முதலில் சிங்களத்தை வையுங்கள். இது என் ஒரே பிடிவாதமான சிபாரிசு.

எத்தனை விட்டோம், எத்தனை வந்தது

தாய்பேயில் எல்லா ஆட்டமும் தோற்ற அணியின் கோல்காப்பாளரை விட்ட கோல்களின் எண்ணிக்கையால் அளந்தால் அநியாயம். அந்த விளையாட்டிலேயே அதற்கு வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வந்த அடிகளில் எத்தனை வீதத்தைத் தடுத்தார். 50 அடி வந்து 6 உள்ளே போனால் 88 வீதம். 10 அடி வந்து 2 போனால் 80 வீதம்தான். ஸ்கோர் பலகையில் 6 பெரிதாகத் தெரியும். ஆனால் நல்ல காவல் முதலாமவருடையது.

சுயவிபரக் கோவையில் நம் பிள்ளைகள் எழுதுவது "மருந்தகத்தில் இரண்டு வருட அனுபவம்" என்று ஒரு வரி. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள், உங்களோடு எத்தனை பேர் வேலை செய்தார்கள், மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு எவ்வளவு பிசகியது என்று எழுதுங்கள். ஆள் குறைந்த சின்ன இடத்தில் வேலை செய்தது வெட்கமல்ல. அங்கேதான் ஒருவருக்கு அதிக அடி வருகிறது. பொய் எண் போடாதீர்கள். இரண்டாவது கேள்வியில் பிடித்துவிடுவார்கள்.

ஐஸுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் பிறந்திருந்தால் எல்லாம் இலகுவாக இருந்திருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கோல்காப்பாளரைச் சொல்கிறேன். பெயர் நூரா ரேற்றி, பின்லாந்தின் எஸ்போ நகரத்தில் 1989இல் பிறந்தவர். (நூராவும் நம் ஊர்ப் பெயர் போலவே இருப்பது தற்செயல்தான்.) 16 வயதில், 2006இல், ஒலிம்பிக் அணிக்குப் போனார். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடி, 2012, 2013 இரண்டு ஆண்டும் அணியோடு தேசியப் பட்டம் வென்றார். கடைசிப் பருவத்தில் அவர் நின்ற 38 ஆட்டத்திலும் தோல்வி இல்லை. அதன் பிறகாவது சம்பளம் கொட்டியதா? இல்லை. பின்லாந்திலும் பெண்கள் லீகில் ஆடி மட்டுமே சீவிப்பது அரிது; படிப்போ வேலையோ பக்கத்தில் ஓடும். நூரா 2014இல் தன் நாட்டு ஆண்களின் இரண்டாம் நிலை லீகில் ஒரு கழகத்துக்குப் போய் நின்றார். பிறகு சீனாவுக்குப் போய் ஆடினார். 2019இல் சொந்த ஊரான எஸ்போவில் உலகச் சம்பியன் இறுதியாட்டம். மேலதிக நேரத்தில் பின்லாந்து போட்ட கோலை வீடியோ பார்த்து ரத்துச் செய்தார்கள், கடைசியில் பெனால்டியில் அமெரிக்கா வென்றது. 2022 ஒலிம்பிக்குக்கு அவரைத் தெரிவு செய்யவே இல்லை. ஆக, எங்கே பிறந்தாலும் நாட்காட்டியை நாமே போட வேண்டியிருக்கிறது.

வீட்டில் பேசுவது

பெண் பிள்ளை விளையாடப் போவதில் உடுப்பைப் பற்றி மட்டும்தான் வீட்டுக்குக் கவலை என்றால் ஐஸ் ஹொக்கி கோல்காப்பாளரைக் காட்டலாம். உச்சி முதல் பாதம் வரை மூடியிருப்பார். உதைபந்தாட்டத்திலும் தலையை மூடி ஆட 2014இலேயே விதி இடம் கொடுத்துவிட்டது. ஆனால் உம்மாமாரின் கவலை பெரும்பாலும் உடுப்பல்ல. மஃரிபுக்குப் பிறகு எப்படி வருவாள், யார் கூட வருவார்கள், பயிற்றுநர் யார், வெளியூர் என்றால் எங்கே தங்குவாள் என்பவைதான். இவை நியாயமான கேள்விகள், பதிலும் உள்ள கேள்விகள். நேர அட்டவணையையும் பொறுப்பாசிரியையின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். முதல் நாள் உம்மாவையே கூட்டிப் போய் மைதானத்து ஓரத்தில் இருத்துங்கள். வாப்பாவிடம் வாதாடுவதை விட இது வேலை செய்யும். வேலைக்குப் போவதற்கும் இதே வழிதான்.

விளையாட்டில் இருக்கும் மாணவிகளுக்குத் தனியாக ஒன்று. கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று ஏறும் ஒவ்வொரு படியிலும் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வையுங்கள்; பெயரும் பிறந்த திகதியும் சரியா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். பாடப் புறம்பான துறைகளில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் உங்கள் ஆண்டுக்குரிய விபரத்தைப் பாருங்கள். விளையாட்டு விஞ்ஞானத்தைப் பட்டமாகப் படிக்க சப்ரகமுவப் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் உண்டு. பயிற்றுநர், உடற்கல்வி ஆசிரியை, காயச் சிகிச்சை என்று மைதானத்தைச் சுற்றிக் கிடக்கும் தொழில்கள் மைதானத்துக்குள் இருப்பவற்றை விட அதிகம்.

அன்று பின்வரிசையில் எழும்பி நின்ற பிள்ளை இதை வாசித்தால்: நான் அன்று சொன்னதை மறந்துவிடு, மகள். உனக்கு விருப்பமான வேலை என்ன என்று கேட்கக்கூட இல்லை, பிழை என்னுடையது. பன்னிரண்டு கட்டத்தையும் போட்டு, அந்த வேலையின் பெயரை மேலே எழுதி, இந்தப் பத்திரிகைக்கு அனுப்பி வை. இந்த முறை பார்த்துப் பதில் எழுதுகிறேன்.