ஆலோசகரிடம் முதல் நாள்
(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

காய்ச்சல் கண்டால் ஊசி போட்டுக்கொள்ள நாம் தயங்குவதில்லை. ஆனால் இரவெல்லாம் உறக்கமில்லை, புத்தகத்தைத் திறந்தால் ஒன்றும் மனத்தில் ஏறவில்லை என்று ஒருவன் சொன்னால், "தைரியமா இருடா" என்று தோளில் தட்டி அனுப்பிவிடுகிறோம். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னாலோ, "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறான். அங்கே என்ன நடக்கும் என்று அறியாததே இந்த அச்சத்தின் பெரும்பகுதி என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நம் வகுப்பில் பலரும் அப்படியே. கூலி குறைந்ததையும் மழை பொய்த்ததையும் அம்மாவிடம் பேசலாம். ஐந்து அரியர் என்றால், அரியர் என்பது என்னவென்றே முதலில் விளக்கியாக வேண்டும். விளக்கி முடித்ததும், "உன்னை நம்பித்தானே கடன் வாங்கினோம்" என்று அவர்கள் கலங்கினால், அதற்குமேல் நா எழாது. அந்தச் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டுமன்றோ?

பேச்சே மருந்தாகும் என்பது புதிய கருத்தன்று. வியன்னா மருத்துவர்களான பிராயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் வரும் பெண் ஒருத்தியே அம்முறைக்குப் 'பேச்சு மருத்துவம்' என்று பெயர் வைத்தாள்.

சினிமாவில் வருவதுபோல் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வார்கள் என்று எண்ண வேண்டா. பெரும்பாலும் இரண்டு நாற்காலிகள்தாம். முக்கால் மணி நேரம் அளவில் பேச்சு நடக்கும். முதல் நாள் கேள்விகளே மிகுதி. எப்போது தொடங்கிற்று, உறக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யார் யார், குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்பார். "செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா?" என்றும் கேட்பார். இதைக் கேட்டுத் திடுக்கிட வேண்டா. வருகிறவர்களிடம் வழக்கமாகக் கேட்பதுதான். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைத்துவிடாது. உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது.

"சார், நான் என்ன செய்யட்டும்?" என்றால் உடனே விடை வராது. நம் பெரியப்பா, சித்தப்பா போல் அறிவுரை சொல்வது அவர் வேலையன்று. பலருக்கு இங்கேதான் ஏமாற்றம். போதாக்குறைக்கு, கிளறிய துயரத்தால் முதல் சந்திப்புக்குப் பின் மனம் முன்னைவிடக் கனக்கவும் கூடும். நம் ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டின் முதல் அளவைத் தோராயம் என்றுதானே கொள்கிறோம்? அளவுகள் ஒத்துவரும்வரை திரும்பச் செய்கிறோம். இங்கும் சில வாரங்கள் பிடிக்கும். சிலர் வீட்டுவேலைகூடத் தருவர். 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் வகுத்த முறையில், "நான் எதற்கும் உதவாதவன்" என்று தோன்றினால் அதைத் தாளில் எழுதி, அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று பார்க்க வேண்டும். அறிவியல் மாணவர்களுக்கு இது பிடிக்கும்.

சொன்னது ஊருக்குத் தெரிந்துவிடுமோ? 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் செய்திகளை இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில நிலைகளே விலக்கு. எது வெளியே போகும், எது போகாது என்று முதல் நாளே கேட்டுவிடலாம். கேட்பது மரியாதைக் குறைவாகாது. ஒருவரோடு ஒத்துவரவில்லையெனில் வேறொருவரிடம் போகலாம். ஆலோசகர் மருந்து எழுதுவதில்லை. தேவையென்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

"பேசுறதுக்குமா காசு?" என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காசு கொடுக்க வேண்டியதில்லை. கூட்டம் மிகுதி, காலையிலேயே போய் சீட்டு வாங்கிவிட வேண்டும். முதல் நாளே முக்கால் மணி கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. பஸ் ஏற முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவிலும் உண்டு, தமிழிலும் பேசுவர், கட்டணமில்லை. எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், "எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை" என்றே சொல்லலாம். அடுத்த கேள்வியை அவர் கேட்பார்.